பெரிய டயரும் கண்மாய்க்கரை ஏற்றமும்

என் முதலாளி மாட்டு வண்டி ஓட்டி மேலே வந்தவர். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டைப் பற்றித் தனக்குத் தெரிந்ததெல்லாம் லாரிக்கும் பொருந்தும் என்று நம்பினார் பாருங்கள், அங்கேதான் அவர்மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம். அவரிடம் இருந்தது ஒரே ஒரு லாரி, அதற்கு நான் டிரைவர். மணமேல்குடியில் கருவாட்டுச் சிப்பம் ஏற்றி, அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்து இறக்க வேண்டும். யுத்தகாலம் முழுக்கக் கிழிந்த டயருக்குள் இன்னொரு கிழிந்த டயரைத் திணித்து அந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். வழியில் ஒரு கண்மாய்க்கரை ஏற்றம் உண்டு. பாதை சடாரென்று பள்ளத்தில் இறங்கி, கரைமேல் செங்குத்தாக ஏறும். அங்கே ஒருநாள்கூட வண்டியை நிறுத்தியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட சாமான்களைத் திருச்சியில் ஏலம் விட்டார்கள். முதலாளி போய் ஆறு டயரை ரிம்மோடு வாங்கிவந்தார். எங்கள் வண்டியின் டயரைவிட நாலு விரற்கடை உயரம். மட்கார்டில் உரசியதால் மட்கார்டை வெட்டினார். வெட்டிய இடத்தில் கையைவைத்துக்கொண்டு, பொண்ணுக்கு நகை பூட்டிப் பார்ப்பதுபோல நாள் முழுக்க நின்று பார்த்தார். தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு டயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவன்களும் வேலைவெட்டி இல்லாமல் தொட்டுப் பார்த்தான்கள்.

முதல் லோடிலேயே ஏற்றத்தின் பாதியில் எஞ்சின் முக்கியது, முனகியது, நின்றது. முதல் கியரில்தான் இருந்தேன். வண்டி பின்னால் உருளப் பார்த்தது. லோடு ஆட்கள் இரண்டு பேர் குதித்துச் சக்கரத்துக்குக் கல் கொடுக்காவிட்டால் கருவாடெல்லாம் மறுபடியும் தண்ணீருக்கே போயிருக்கும். பாதிச் சிப்பத்தை அங்கேயே இறக்கிவைத்து, மீதியோடு ஏறி அதை மேலே வைத்துவிட்டு, திரும்பி வந்து இறக்கியதை ஏற்றிக்கொண்டு போனோம். ஒருநாள் அல்ல, தினமும் இதே கூத்து.

முதலாளியிடம் சொன்னேன். "டயர் பெருசாயிருச்சுங்க முதலாளி. அதுக்குத் தக்கபடி பின்னாடி ஆக்ஸில்ல இருக்குற பல்சக்கரத்த, கிரவுனையும் பினியனையும், மாத்தணும். இல்லாட்டி எஞ்சின் இழுக்காதுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவருடைய லாரி ஷெட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்திருந்த பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"ஏண்டா, முப்பது வருசம் வண்டி வச்சிருந்தவன்டா நானு. சின்னச் சக்கரம் போட்ட வண்டி பள்ளத்துல விழுந்தா எந்திரிக்காது. பெரிய சக்கரம் போட்டா மாட்டுக்குச் சொகம். நான் பொய் சொல்றேனா, கேட்டுப் பாரு!"

பத்துப் பேரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னது பொய்யும் இல்லை. மாட்டு வண்டிக்கு அது நிஜம். அதுதான் என் வயிற்றெரிச்சல். பொய் சொல்கிறவனை மடக்கலாம். வேறெங்கோ செல்லுபடியாகிற உண்மையைத் தூக்கிக்கொண்டு வருகிறவனை எப்படி மடக்குவது?

"மாட்டு வண்டியில மாடு இழுக்குது, சக்கரம் சும்மா உருளுதுங்க. லாரியில சக்கரம்தாங்க மாடு. சக்கரத்தப் பெருசாக்குனா மாட்ட எட்டி நடக்கச் சொல்ற மாதிரி. எட்டி நடக்கப் பலம் வேணும்ல?" என்றேன்.

"சக்கரம்தான் மாடாம்ல!" என்று ஒருவன் சொல்ல, டீக்கடையே சிரித்தது. ஒரு ஸ்பேனரைக் கையில் பிடித்தறியாத பயல்கள். முதலாளியும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒனக்குக் கை தளந்துபோச்சுடா. இந்த மாசக் கடைசிக்குள்ள வண்டி முழு லோடோட ஏறணும். ஏறலைன்னா எங்க மாப்பிள்ளை ஓட்டட்டும்."

மாப்பிள்ளை என்றால் அவருடைய மகளைக் கட்டியவன். லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஹாரன் அடிப்பதைத் தவிர வண்டியில் வேறொன்றும் அவனுக்குப் பிடிபடவில்லை. எனக்கோ வீட்டில் நாலு உருப்படி, வேறு தொழில் தெரியாது, அந்தப் பக்கத்தில் வேறு லாரியும் கிடையாது. அந்த ஸீட் போனால் நான் மம்பட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு என்னென்னவோ செய்து பார்த்தேன். கார்புரேட்டரைக் கழுவினேன், பிளக்கை மாற்றினேன், பள்ளத்தில் வேகமாக இறங்கி அந்த வேகத்திலேயே ஏறப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. முதலாளி பூசாரியைக் கூட்டிவந்து டயருக்குத் திருநீறு பூசினார். டயர் திருநீறோடு பாதி ஏற்றத்தில் நின்றது.

மாசக் கடைசிக்குக் காத்திருக்கவும் அவருக்குப் பொறுமை இல்லை. ஒருநாள் காலையில் முழு லோடோடு ஏற்றத்தடியில் என்னை இறங்கச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையை ஏற்றி உட்காரவைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவன் கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதி மிதி என்று மிதித்தான். கருவாட்டு நாற்றத்தையும் அமுக்கிக்கொண்டு கிளட்ச் தீய்ந்த நாற்றம் வந்தது. வண்டி அசையவில்லை. கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து ஏழு ஜோடி மாட்டைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தார்கள். மாட்டுக்காரர்கள் எல்லாரும் முதலாளியின் பழைய சிநேகிதர்கள். "என்னண்ணே, பெரிய சக்கரம் மாட்டுக்குச் சொகம்னீங்க, மாடு நொர தள்ளுதே!" என்று ஒருவர் கேட்டார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் திருச்சிக்குப் போகச் சம்மதித்தார். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், எங்கள் வண்டியின் கம்பெனியே பட்டாளத்துக்குச் செய்துகொடுத்த லாரி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். அதிலிருந்து கிரவுனும் பினியனும் ஜோடியாகக் கிடைத்தன. கிரவுன் என்பது ஆக்ஸிலைச் சுழற்றுகிற பெரிய பல்சக்கரம். பினியன் அதைத் தள்ளுகிற சின்னது. முதலாளி பினியனைக் கையில் வாங்கிப் பல்லை எண்ணினார்.

"பழசுல ஏழு பல்லுன்னீங்க. இதுல ஆறுதான இருக்கு? ஒரு பல்லு கொறஞ்சத எந்தலையில கட்டப் பாக்குறீங்களா?"

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "பல்லு கொறஞ்சாத்தாங்க எஞ்சினுக்குப் பாரம் கொறையும். மேடு ஏறும், வேகம் கொஞ்சம் கொறையும். இதுக்குத்தானே வந்தீங்க?" என்றார். முதலாளி இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். ஆறுதான் இருந்தது.

இரண்டு நாள் வேலை. கிளட்சுக்கும் புது பிளேட் போட்டோம். ஆக்ஸில் நடுவிலிருக்கும் கூட்டைத் திறந்து பழையதைக் கழற்றுவதிலிருந்து, பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி பார்த்துப் பூட்டுவதுவரை நானும் மெக்கானிக்கோடு மண்ணில் படுத்துக் கிடந்தேன். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

மறுவாரம் முழு லோடோடு ஏற்றத்துக்கு வந்தேன். முதலாளியும் மாப்பிள்ளையும் டீக்கடைக் கூட்டத்தோடு கரைமேல் நின்றார்கள். அதே முதல் கியரில் போட்டேன். வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் கோயில் யானை மாதிரி ஏறிப் போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். ஸீட் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

முதலாளி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களாப்பா, நான்தான் அன்னைக்கே சொன்னேனே, பெரிய சக்கரம் போட்டாச் சொகம்னு!" அதே பத்துப் பேர் மறுபடியும் தலையாட்டினார்கள். த்தூ! அந்தத் தலைகள் எதற்குத்தான் ஆடாது?

மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போனால், என் ஸீட்டில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். முதலாளி முதன்முறையாக என்னிடம் தணிந்து பேசினார்.

"ஒம் மேல தப்பு ஒண்ணுமில்லப்பா. அப்ப ஏறல, ஒன்னைய வச்சிருந்தேன். இப்பத்தான் யாரு ஓட்டுனாலும் ஏறுதே."

லாரியைப் பற்றி அந்த மனுஷன் சொன்னதிலேயே அது ஒன்றுதான் சரி. எந்த மடையன் ஓட்டினாலும் ஏறுகிற மாதிரி என் கையாலேயே செய்து கொடுத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "அண்ணே, அந்த ஏத்தத்துக்கு எத்தனாவது கியர்ல போடணும்?"

"மொதல் கியர்ல" என்று சொல்லித் தொலைத்தேன்.