மேட்டுப் பூவும் ஓடைப் பூவும்

அக்காவின் இந்த நினைவு மலரின் அட்டையில் குத்துவிளக்குப் படம் போடலாம் என்று அச்சகத்தார் சொன்னார். நாங்கள் ஒரு மஞ்சள் பூவின் படத்தைக் கொடுத்தோம். "இது ரோட்டோரத்துக் களையாச்சே?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலேயே அப்படி நினைத்துத்தான் ஒரு பெரிய நட்டம் வந்தது. அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், உறவினர்களும் நண்பர்களுமான உங்களிடம் அதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்கா சின்னக்கானலில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார். அப்பா எங்கள் சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். கொழுந்தெடுத்துக் கிடைத்த கூலியில் அம்மா எங்கள் இருவரையும் வளர்த்தார். இருவரும் படித்தோம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அக்கா படித்தார், நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். பொள்ளாச்சிக்கு அப்பாலுள்ள சித்தூர் அரசு கல்லூரியில் தாவரவியல் சேர்ந்த அக்கா, மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம் என்று பஸ் மாறி மாறி ஊருக்கும் கல்லூரிக்குமாக அலைந்தார். பின்னர் சித்தூர்ப் பக்கத்துப் பள்ளியிலேயே ஆசிரியை ஆனார். அங்கேயே ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். நெல்லும் தென்னையுமாக வாழும் மச்சானுக்கு மலைக் குளிர் ஆகவே ஆகாது. ஆனாலும் அக்கா ஒரு வார்த்தை சொன்னால் காரை எடுத்துவிடுவார்.

அக்கா பொறுமைசாலி என்று எழுதினால் அவரிடம் படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள். அவருடைய பொறுமையெல்லாம் செடிகளுக்கு மட்டும்தான்.

நான் ஜீப் ஓட்டுகிறேன். சுற்றுலா வருகிறவர்கள் எல்லோரும் குறிஞ்சி எங்கே என்றுதான் கேட்பார்கள். அதைச் சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். "வருசா வருசம் பூக்குறது கண்ணுக்குத் தெரியல, எப்பவாச்சும் பூக்குறதுக்குத்தான் இத்தனை கூட்டமாக்கும்" என்பார். அவர் சொன்னது எங்கள் புல்மேட்டு மஞ்சள் பூவை. அது ஒரு பூவே அல்ல, ஒரு கிண்ணத்துக்குள் நெருக்கி வைத்த பல குட்டிப் பூக்கள் என்று எனக்குப் பிரித்துக் காட்டியவர் அவர்தான். காய்ந்தால் ஒவ்வொரு விதையும் வெள்ளைப் பஞ்சு கட்டிக்கொண்டு பறந்துவிடும்.

அந்தச் செடிக்கு ஒரே முகம் கிடையாது. காற்று அறையும் மேட்டில் ஒரு சாண் உயரத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும். இலை தடித்து, அடிப்பக்கம் வெள்ளை ரோமம் மூடி, விளிம்பு மழமழவென்று இருக்கும். பூவைச் சுற்றி இதழ்கள் குட்டையாக இருக்கும், சிலவற்றில் இதழே இருக்காது. ஓடையோரச் சரிவிலோ இடுப்பளவு வளரும். தண்டு சிவந்து, இலை மெலிந்து, விளிம்பெல்லாம் பல் பல்லாக இருக்கும். பூவைச் சுற்றி நீண்ட இதழ்கள் விரிந்திருக்கும். இவை இரண்டும் வேறு வேறு இனம் என்று விஷயம் தெரிந்தவர்கள் சிலர் அக்காவிடம் சொன்னார்கள். அக்கா ஒப்பவில்லை. "ஒரு வயித்துப் பிள்ளைகள்லயே ஒண்ணு வெயில்ல வேலை பாத்தா கறுக்கும், ஒண்ணு நெழல்ல இருந்தா வெளுக்கும். ரெண்டையும் ஒரே மண்ணுல வளத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

அப்படியே செய்யவும் தொடங்கினார். தேயிலைக் கன்று வளர்க்கும் கறுப்புப் பைகளில் ஒரே மண்ணை நிரப்பி எங்கள் வீட்டுப் பின்புறம் வைத்து, மேட்டு விதைகளையும் ஓடை விதைகளையும் போட்டார். மேட்டுப் பைகளுக்குச் சிவப்புத் துணி, ஓடைப் பைகளுக்கு வெள்ளைத் துணி கட்டினார். பள்ளி விடுமுறையில் மட்டுமே வந்து பார்ப்பார். பைகளில் என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்த விடுமுறைக்கு அக்கா வந்தபோது பைகள் துடைத்து வைத்ததுபோல் இருந்தன. அம்மா பெருமையோடு சொன்னார்: "தேயிலைக் கன்னு ஒண்ணுகூட மொளைக்கல தாயி. வெறும் களையாத்தான் மண்டிக் கெடந்துச்சு. ஒண்ணு விடாம வேரோட புடுங்கிட்டேன்."

காலமெல்லாம் தேயிலைக்கு நடுவே களை பிடுங்கிய கை அது. கறுப்புப் பையில் தேயிலை தவிர வேறெதையும் வளர விடாது. மச்சான் மெல்ல, "ஏனுங்க அத்தை, அது களையில்லீங்க" என்றார். அக்கா பின்வாசல் படியில் உட்கார்ந்து அழுதார். அம்மா பதறிப்போய்க் குப்பைக்குழியைக் கிளறிப் பார்த்தார். எல்லாம் மக்கியிருந்தது. அக்கா எழுந்துபோய் அம்மாவின் கையைக் கழுவிவிட்டு, "உங்ககிட்ட சொல்லாம வச்சது என் தப்புதாம்மா" என்றார். அன்று முழுவதும் அம்மா சாப்பிடவில்லை.

பூக்காலம் முடிந்து விதை முற்றியதும் அக்கா மறுபடி விதைத்தார். அவை வளர்வதற்குள் அவருக்கு நோய் வந்துவிட்டது. கோவையில் மருத்துவம், சித்தூரில் படுக்கை. மலையேற முடியவில்லை. இந்த முறை பைகளுக்கு அம்மாதான் காவல். எதையும் பிடுங்கப் பயந்து, புல்லையும் எங்கிருந்தோ முளைத்த பாகற்கொடியையும்கூட வளரவிட்டார். அக்கா போனில், "பூத்திருச்சாம்மா?" என்று கேட்பார். "எலைதான் விட்டிருக்கு தாயி. நீ வந்து பாக்கத்தான் போற" என்பார் அம்மா. அக்கா வரவில்லை. மொட்டு வருமுன்பே அக்கா எங்களைவிட்டுப் போய்விட்டார். பதில் தெரியாமலே போனாரே என்ற வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற மாணவர்களுக்கும், மச்சானைத் தனியே விடாத சித்தூர்ச் சொந்தங்களுக்கும், தோட்டத்து வேலையை விட்டுவிட்டு மலையிறங்கி வந்த லயத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அம்மாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

மழை விட்டதும் செடிகள் பூத்தன. மச்சான் வந்திருந்த ஒரு காலையில், அக்காவின் படத்துக்கு வைக்க எல்லாப் பைகளிலிருந்தும் பூப்பறித்து ஒரே தட்டில் போட்டுவிட்டார் அம்மா. பிறகுதான் சிவப்புத் துணியும் வெள்ளைத் துணியும் அவர் நினைவுக்கு வந்தன. தட்டை எங்களிடம் நீட்டினார். "மறுபடியும் கெடுத்துட்டேனே. எது மேட்டுப் பூ, எது ஓடைப் பூன்னு பிரிச்சுக் குடுங்கய்யா."

மச்சானும் நானும் தட்டை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எல்லாப் பூவுக்கும் இதழ் இருந்தது. காம்பில் ஒட்டியிருந்த இலைகளைப் புரட்டினோம், எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. கையில் எடுத்ததை மாற்றி மாற்றி வைத்தோம்.

"பிரிக்க முடியலீங்க அத்தை" என்றார் மச்சான். "அவ தெரிஞ்சுக்கணும்னு கெடந்தது இதைத்தானுங்க."

அந்தத் தட்டிலிருந்து எடுத்த ஒரு பூவைத்தான் அட்டையில் பார்க்கிறீர்கள். அது மேட்டுப் பூவா, ஓடைப் பூவா என்று யாரும் கேட்க வேண்டாம். எங்களுக்குத் தெரியாது.