தீர்த்தம் குடித்த பச்சோந்தி

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு குத்துதே குடையுதே என்று புலம்பியவன் கதை எல்லோருக்கும் தெரியும். நான் அவனுக்கும் ஒரு படி மேல். ரோட்டில் போன பச்சோந்தியைப் பிடித்துக்கொண்டுபோய் அண்ணன் வீட்டில் விட்டேன். குத்தலும் குடைச்சலும் அந்த வீட்டுக்கு, வேடிக்கை எனக்கு.

அண்ணன் சூசை கரும்பு டிராக்டர் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் ஓரத்தில் லோடோடு வண்டி கவிழ்ந்து முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டில், ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில் காற்று மெத்தையில் கிடக்கிறார். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதைச் செய்கிறவர் அண்ணி அமுதா. அவர் போனில் அலாரம் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். கள்ளக்குறிச்சியில் நடந்த சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில்கூட, தாலி கட்டியதும் சாப்பிடாமல் பஸ் ஏறினார். அண்ணியின் அம்மா வீடு உளுந்தூர்பேட்டையில். அந்தப் பக்கம் அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது.

நான் டென்னிஸ். கள்ளக்குறிச்சியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், குடியிருப்பது அண்ணனுக்கு அடுத்த தெரு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணனைப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வருவது என் வேலை, பார்த்துக்கொள்வது அண்ணியின் வேலை என்று நாங்களாகவே பிரித்துக்கொண்டிருந்தோம். யாரும் அண்ணியைக் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் மழை விட்ட நேரம், வெள்ளிமலை ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். நடு ரோட்டில் ஒரு பச்சோந்தி. ஒரு காலைத் தூக்கி, முன்னும் பின்னும் ஆடி, யோசித்து யோசித்து வைத்துப் போய்க்கொண்டிருந்தது. பஸ் அடித்துவிடும் என்று பையில் போட்டுக்கொண்டேன். ஓரமாக விட்டிருக்கலாம். அண்ணனுக்குப் பொழுது போகட்டும் என்று வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கொசுவலையைக் கட்டி, உள்ளே கொய்யாக் கிளையை நட்டு அதை விட்டோம். அண்ணன் முகத்தில் அன்றுதான் ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு களை பார்த்தேன். ஒரு கண் மேலே பார்க்க, இன்னொரு கண் கீழே பார்க்க, இரண்டையும் தனித்தனியாக அது உருட்டுவதைப் பார்த்துச் சிரித்தார். கரும்புத் தோட்டத்து வெட்டுக்கிளியை விரலில் பிடித்து நீட்டினால் ஒரு சாண் தூரத்திலிருந்து நாக்கு வந்து இழுத்துக்கொண்டு போகும். கட்சி மாறுகிறவர்களைப் பச்சோந்தி என்று திட்டுகிறோமே, சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பாகிறதா பார்ப்போம் என்று வைத்தேன். ஆகவில்லை. பயந்தால் கருத்தது, வெயில் பட்டால் ஒரு நிறம், குளிர்ந்தால் ஒரு நிறம், அவ்வளவுதான். நம் ஆட்கள் அளவுக்கு அதற்குச் சாமர்த்தியம் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் கவலை. கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு நாளில் கண் குழி விழுந்துவிட்டது. அது சாகப்போகிறது என்று நினைத்த எங்கள் அம்மா செபஸ்தியம்மாள், கல்லறைத் திருநாளுக்கு மந்திரித்து வாங்கி வைத்திருந்த தீர்த்தத்தை எடுத்து வந்து, ஜெபம் சொல்லி, கட்டிலில் அண்ணன் மேலும் கிளையில் அதன் மேலும் தெளித்தார். இலையில் நின்ற துளியை அது ஒவ்வொன்றாக நக்கிக் குடித்தது.

அம்மா அப்படியே முழங்காலில் நின்றுவிட்டார். கிண்ணத்துத் தண்ணீரைத் தொடாத ஜீவன் தீர்த்தத்தை மட்டும் குடிக்கிறது என்றால் அது சும்மா வரவில்லை என்றார். தெருவே வந்து பார்த்தது. பச்சோந்திக்கு இலையில் சொட்டும் துளிதான் தண்ணீராகத் தெரியும், எந்தத் தண்ணீரைத் தெளித்தாலும் குடித்திருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு அண்ணி புரட்டும்போது, கால் கட்டை விரல் லேசாகச் சுரீர் என்றது என்று அண்ணன் சொன்னாராம். பச்சோந்தி இந்த வீட்டில் இருக்கும்வரை தன் காலுக்கு வழி உண்டு என்று மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டார்.

பத்து நாளில் அதன் வயிறு பெருத்தது. நல்ல தீனி என்று சந்தோஷப்பட்டோம். அப்புறம் தீனியைத் தொடவில்லை. கிளையில் இருக்காமல் விடிந்ததிலிருந்து வலையைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கியது, மூலையைப் பிறாண்டியது, ஏறியது, மறுபடி இறங்கியது. தன்னிடம் வர ஆசைப்பட்டு ஆடுகிறது என்றார் அண்ணன். அதை வீடியோ எடுத்துக் கடையில் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். போன் ரிப்பேருக்கு வந்த வனக்காவலர் இளஞ்செழியன் அதைப் பார்த்துவிட்டு முகம் மாறினார்.

இதை வளர்ப்பது சட்டப்படி குற்றம், அதைவிடப் பெரிய பாவம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றார். அது பொட்டை, வயிறு முழுக்க முட்டை. மரத்தை விட்டு இறங்காத ஜென்மம், மழை முடிந்து மண் இளகும்போது முட்டையிடத்தான் தரைக்கு வரும். குழி தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டு செத்துப்போகும். நாளைக்குள் பிடித்த இடத்துப் பக்கமோ தோட்டத்து மண்ணிலோ விடச் சொன்னார்.

அன்று ரோட்டில் அது எங்கே போய்க்கொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டில் சொன்னேன். அண்ணன் முடியாது என்றார். அம்மாவும் வந்த ஆசீர்வாதத்தை யாராவது வெளியே தள்ளுவார்களா என்றார். நான் குரலை உயர்த்தினேன், அண்ணன் அதற்கு மேல் உயர்த்தினார்.

"அது போச்சின்னா என் காலும் போச்சிடா. எனக்கு இன்னா கீது வேற?"

அலாரம் அடித்தது. அண்ணி வந்து, வழக்கம்போல இடுப்புக்குக் கீழே கை கொடுத்து அவரை ஜன்னல் பக்கம் புரட்டினார். முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்றபடி, சத்தம் போடாமல் சொன்னார்.

"அது ஆடலீங்க. நாள் பூரா வலையச் சுத்திகினு வழி தேடுது. வழி தேடுறவங்க எப்பிடி இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்ங்க."

அண்ணன் தலையைத் திருப்பி அண்ணியைப் பார்த்தார். விடிந்ததும் அதை விட்டுவிடலாம், தன் கட்டிலையும் வெளியே தூக்குங்கள் என்றார்.

மறுநாள் காலையில் நாலு பேர் சேர்ந்து கட்டிலைத் தூக்கித் தோட்டத்தில் முருங்கை மரத்தடியில் வைத்தோம். மூன்று வருஷத்தில் அண்ணன் மேல் நேரடியாக வெயில் பட்டது அன்றுதான். வலையிலிருந்து எடுத்துவிட்டதும் பச்சோந்தி ஈர மண்ணில் கொஞ்ச தூரம் நடந்து, வேலியோரம் தலையை உள்ளே விட்டுத் தோண்ட ஆரம்பித்தது. தள்ளி உட்கார்ந்து பார்த்தோம். மத்தியானம் வரை தோண்டியது. வால் மட்டும் வெளியே தெரிந்தது. அதற்குள் இரண்டு தடவை அலாரம் அடித்தது, அண்ணி அங்கேயே புரட்டினார், இரண்டு தடவையும் அது தெரிகிற மாதிரியே. பொழுது சாயும்போது குழியை மூடி மண்ணை மிதித்துவிட்டு, ஒட்டிய வயிறோடு வேலியில் ஏறியது. ஒரு கண் எங்கள் பக்கம் இருந்தது, ஒரு கண் போகிற பக்கம். இலைக்குள் போனதும் தெரியவில்லை.

அண்ணன் அழுதார். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"டேய், என்ன எப்பிடிப் புரட்டறதுன்னு உங்க அண்ணிகிட்ட கத்துக்கோ. அவ ஒரு வாரம் அவங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டு வரட்டும்."

மூன்று வருஷமாக அடுத்த தெருவில் இருந்த எனக்கு அது தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அண்ணி என் கையைப் பிடித்து எங்கே கொடுக்க வேண்டும், எங்கே அழுத்தக்கூடாது என்று காட்டினார். அண்ணன் இவ்வளவு கனம் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரு வாரத்துக்கென்று போன அண்ணி மூன்றாம் நாளே வந்து நின்றார். ஏன் என்று கேட்டேன். பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"தூக்கம் வரலீங்க தம்பி. அலாரத்த அணைச்சிட்டுத்தான் படுத்தேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அதுவா முழிப்பு வந்துகினே இருந்துச்சி. எழுந்து கட்டிலத் தடவிப் பாத்தேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே அலாரம் அடித்தது. அண்ணி கை தானாக இடுப்புச் சேலையைச் செருகியது. என் போன்தான் என்று சொல்லி, அவரை உட்காரச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். அவர் உட்காரவில்லை, வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.