தேநீர் இடைவேளையில் சொன்னது

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் குழாய். இந்தப் பக்கம் ஊற்றினால் அந்தப் பக்கம் வந்துவிடும், நடுவில் ஒன்றும் தங்காது என்று கணவன் வைத்த பெயர். நடுவர் விசாரணைகளில் மொழிபெயர்ப்பதுதான் அவள் பிழைப்பு. 'தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போக மாட்டேன், நடுவர் சொல்வதே முடிவு' என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொள்ளும் கம்பெனிகள் பெருகப் பெருக, அவளுக்கும் வேலை பெருகியது. கேட்டதைக் கேட்டபடி சொல்வாள். பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அன்றைக்கு வந்த பெண் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஆலையில் வேலை பார்த்தவள். சூடான இஸ்திரி உருளை வலது கையை உள்ளே இழுத்துவிட்டது. உருளையின் தடுப்பைக் கழற்றி வைத்தது கம்பெனி. 'கவனக்குறைவு' என்று வேலைச் சான்றிதழில் எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பியதும் அதே கம்பெனி.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் அக்கா. அந்த ஒரு வார்த்தையை எடுக்கச் சொல்லுங்க. அதைப் பாத்துட்டு எவனும் வாசப்படி ஏறவே விடமாட்டேங்கறான்."

காலையில் நடுவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உறுதிமொழி வாசித்தார். இவள் தமிழில் சொன்னாள்: "எனக்கு இரண்டு தரப்போடும் எந்தத் தொடர்பும் இல்லை." அந்தப் பெண் நம்பித் தலையாட்டினாள். பெரிய மனிதர் அல்லவா? வெளியே நடைவழியில், புகழ்பெற்ற நடுவர்களின் வரிசையில் அவர் படமும் சிரிக்கிறது.

தேநீர் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. நடுவர் சர்க்கரையைக் கலக்கியபடி கம்பெனி வக்கீல் பக்கம் சாய்ந்து, அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். வக்கீல் சிரித்தார். எதிரே இருந்த இரண்டு பெண்களும் அவர்களுக்கு வெறும் நாற்காலிகள்.

குழாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. காலையில் சொன்ன பொய் அவருடையது, வெளியே வந்தது இவள் வாய் வழியாக. அதிலும் 'எனக்கு' என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறாள்.

பெண்ணின் பக்கம் திரும்பி, அதே விசாரணைக் குரலில் சொன்னாள்: "உங்க கம்பெனி கேஸ் எப்பவும் எனக்குத்தானே வரும். அடுத்த மாசம் வர்றதையும் என்கிட்டயே தள்ளிவிடுங்க. இதை மதியத்துக்குள்ள முடிச்சுடலாம், இவளுக்கு என்ன தெரியப்போகுது."

வெந்து சுருங்கிய கையை அந்தப் பெண் மேசையிலிருந்து மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அவகிட்ட என்ன சொன்னீங்க?" என்றார் வக்கீல்.

"ஐயா சொன்னதைத்தான்."

நடுவரின் முகம் சுண்டிப்போனது. "இது இடைவேளை. நாங்க எங்களுக்குள்ள பேசிக்கிட்டது. அதையெல்லாம் மொழிபெயர்க்கக் கூடாது."

இவள் திரும்பினாள். "இது இடைவேளை. நாங்க எங்களுக்குள்ள பேசிக்கிட்டது. அதையெல்லாம் மொழிபெயர்க்கக் கூடாது."

"அக்கா, அவரைக் கேளுங்க. காலையில தொடர்பே இல்லைன்னாரே, அப்ப அது யாரு பேசினது?"

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கேட்டாள். மூலையில் பதிவு செய்துகொண்டிருந்தவர் அதையும் தட்டச்சு செய்தார்.

அவர் சொன்னபடியே மதியத்துக்குள் முடிந்தது. நடுவர் விலகிக்கொண்டார். "எனக்கு உடம்பு சரியில்லை" என்று அதையும் இவள்தான் சொல்லவேண்டியிருந்தது.

சாயங்காலமே மொழிபெயர்ப்பு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. இனிமேல் கூப்பிட மாட்டார்களாம்.

"குழாயை அடைச்சுட்டாங்களா?" என்றான் கணவன்.

"அடைச்சுட்டாங்க. நெறி தவறினது நானாம். அந்த ஆளு படம் மட்டும் அங்க அப்படியே தொங்குது."

பிறகு அந்தப் பெண் போனில் கூப்பிட்டாள். "புது நடுவர் போட்டுட்டாங்க அக்கா. நீங்க வரமாட்டீங்களாமே?"

"வரமாட்டேம்மா. வேற யாராவது வருவாங்க. நீ ஒண்ணு பண்ணு. அவங்க டீ குடிக்கறப்ப எழுந்து வெளிய போயிடாத. அங்கயே உக்காந்து, என்ன பேசறாங்கன்னு மொழிபெயர்க்க வர்றவங்ககிட்ட சத்தமா கேளு."