தங்கை உடைத்த கியர்

அக்கா, தங்கை இருவரும் அந்தச் சுற்றுலாப் படகுக் கம்பெனியில் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். இருவருக்கும் படகோட்ட லைசென்ஸ் இருந்தது. காலியாக இருந்ததோ ஒரே ஓட்டுநர் இடம். முதலாளி தங்கையைக் காட்டி, "இவளுக்குச் சிரிச்ச முகம், பயணிகளுக்குப் பிடிக்கும்" என்றார். அக்காவை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார்.

இரண்டே வருடத்தில் அங்கே அவளை மிஞ்ச மெக்கானிக் இல்லை. ஆனாலும் தங்கை வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் வீடு திரும்பும்போதெல்லாம் அக்காவுக்கு வயிறு எரியும். அம்மா வேறு, வருகிறவர்களிடமெல்லாம் "சின்னவ கேப்டன்" என்பாள். பெரியவளைப் பற்றிக் கேட்டால், "அவளும் அங்கதான் இருக்கா."

ஒரு மதியம் தங்கையின் படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. எஞ்சின் ஓடியது, தண்ணீரைத் தள்ளும் விசிறி சுற்றவில்லை.

படகைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தார்கள். எஞ்சினின் சுழற்சியை விசிறிக்குக் கொண்டுபோகும் டிரைவ், படகின் பின்புறத்தில் ஒரு கால் மாதிரி தொங்கும். அக்கா அதன் அடித்திருகைக் கழற்றி ஆயிலை வடித்தாள். தண்ணீர் புகுந்திருந்தால் பால் போல வெளுத்திருக்கும். இது கறுப்பாகவே வந்தது. ஆனால் திருகின் காந்த முனையில் இரும்புச் சில்லுகள் முள்முள்ளாக ஒட்டியிருந்தன. டிரைவைப் பிரித்தாள். கியரில் நான்கு பற்களைக் காணோம். மற்ற பற்களில் தேய்மானமே இல்லை, உடைந்த இடம் பளபளத்தது. முழு வேகத்தில் பின் கியர் போட்டு ஒரே அடியில் உடைத்திருக்கிறாள்.

அக்காவுக்கு உள்ளுக்குள் இனித்தது. கையைக்கூடத் துடைக்காமல் முதலாளியைக் கூப்பிட்டாள். "நல்லாப் பாருங்க சார். ஓடுற வேகத்துலயே ரிவர்ஸ் போட்டிருக்காங்க உங்க கேப்டன்."

முதலாளி தங்கை பக்கம் திரும்பினார்.

"ஆமா சார், போட்டேன்." தங்கை தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நீந்திட்டிருந்த ஒருத்தர் திடீர்னு முன்னாடி தலையத் தூக்கினாரு. ரெண்டு பக்கமும் பாறை. வேற வழி தெரியல. அவருக்கு ஒண்ணும் ஆகல."

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

"ஒரு ஆள இடிக்கப் பாத்தேன்னு எப்படி சார் சொல்றது?"

"கியர் போனாப் போகுது. உசுர வாங்க முடியுமா?" என்று முதலாளி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். இருட்டுவதற்குள் அம்மா, சின்னவ ஒரு உசுரக் காப்பாத்தினா என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

அக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இவள் உடைத்தாலும் புண்ணியம், நான் கண்டுபிடித்தும் கெட்டவளா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த எரிச்சலோடுதான் புது கியர்களைப் பொருத்தினாள். பற்களுக்கு நடுவே தலைமுடி அளவு இடைவெளி வேண்டும். இறுகினால் ஊளையிடும், தளர்ந்தால் இடிக்கும். அது சரியாக அமையும்வரை மெல்லிய வளையங்களை மாற்றி மாற்றிப் போட்டாள். தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல்களைப் புதிதாக்கி, காற்றடைத்து, கசிவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். நாளைக்கு இவள் ஏதாவது உடைத்தால் பழி தன் தலையில் விழக் கூடாது.

சோதனை ஓட்டத்துக்கு இருவரும் ஏறினார்கள். கியர் லிவரில் வைத்த தங்கையின் கை அசையவில்லை.

"அக்கா, நீ போடேன்."

"ஏன், கேப்டனுக்குக் கை இல்லையா?"

"இதத் தொட்டாலே அந்த ஆளோட தலைதான் தெரியுது."

லிவரை விட்டுவிட்டுத் தங்கை நகர்ந்து இடம் கொடுத்தாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முன் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. நிறுத்தி, எஞ்சின் அடங்கியபின் ரிவர்ஸ். அதுவும் அப்படியே. பிறகு படகைத் திறந்த தண்ணீருக்கு விரட்டினாள்.

"போதும்கா, திரும்பலாம்."

"இரு, ஆயில் சூடாகணும்."

ஆயில் எப்போதோ சூடாகியிருந்தது.

கரைக்கு வந்ததும் நேரே முதலாளியிடம் போய், இனிமேல் பழுது பார்த்த படகுகளையெல்லாம் தானேதான் ஓட்டிப் பார்ப்பேன் என்றாள். அவர் சரி என்றார். ஒரு வாரம் கழித்துத் தங்கை பழையபடி பயணிகளை ஏற்றிக்கொண்டு போனாள். அக்காவுக்கு அதில் சந்தோஷமா என்றால், பாதி.