எடைக்கு எடை அரிசி

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து எனக்கு அப்பா ஜெபப் புத்தகத்தை வைத்துச் சொல்லித்தந்ததுதான். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

சைகோன் கம்யூனிஸ்டுகள் கையில் விழுந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். இனிப் பள்ளிக்கூடத்தில் கடவுள் இல்லை என்று சொல்லித்தருவார்கள் என்று அப்பா என்னை நிறுத்திவிட்டார். காரைக்காலிலிருந்து சைகோனுக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்தவர் அவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சல் வந்ததாம். பிழைத்தால் சாமியாராக்குகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். அதனால் எனக்குச் சினிமா கிடையாது, தெருவில் பந்து கிடையாது. சாமியாருக்குப் படிக்கும் குருமடத்தில் புதிதாக யாரையும் சேர்க்காத காலம். "கதவு தொறக்கும்" என்று அப்பா காத்திருந்தார். ஞாயிறுதோறும் என்னை முக்காலியில் ஏற்றிப் பிரசங்கம் பழக்கினார். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கீழே அம்மாவும் தங்கையும்தான் சபை.

"சாமி, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. மாதாவுக்குக் காது கேக்கலியாம்" என்பாள் தங்கை.

வளர்ந்து, கான் ஹொய் துறைமுகக் கிடங்குகளில் மூட்டை தூக்கப் போன பிறகு, ஒரு ஞாயிறு முக்காலியில் ஏறாமல் நின்றேன்.

"நான் சாமியாராப் போகலப்பா."

"உன்னக் குடுத்தாச்சுடா. குடுத்தத திருப்பிக் கேக்குறதா?"

"ஊர்ல நேந்த புள்ளைய எடைக்கு எடை அரிசி குடுத்து மீட்டுக்குவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்பா சிரித்துவிட்டார். "அரிசியா? எங்கடா இருக்கு அரிசி?"

ரேஷனில் சோளமும் மரவள்ளியும் வந்த காலம் அது. கிடங்கில் கூலியோடு கொஞ்சம் அரிசி தருவார்கள். வீட்டுக்குக் கொடுத்தது போக, நான் சாப்பிட வேண்டிய பங்கைத் தகர டின்னில் போட்டேன். எனக்கு மரவள்ளி போதும் என்றேன். அம்மா அழுதாள். நான் விடவில்லை. ஒரு மழைக்காலம் போய் வெயில்காலமும் போனது.

"அண்ணே, நீ இளைக்கிற இளைப்புக்கு அரிசி சீக்கிரம் சரியாயிரும்" என்றாள் தங்கை.

டின்கள் நிறைந்ததும் கோயிலுக்குத் தூக்கிப் போனேன். ஆதரவில்லாத கிழவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச ஆகும் என்றார் பங்குச் சாமியார். அப்பா வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். எங்கோ ஒரு மூட்டை நிறுக்கும் தராசை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"செருப்போட ஏறு. மாதாவ ஏமாத்தக் கூடாது."

ஏறினேன். எதிர்த் தட்டில் வைத்த அரிசி கொஞ்சம் குறைந்தது. சட்டைப் பையில் மிச்சம் வைத்திருந்த அரிசியையும் கொட்டினேன். தட்டு சமமாயிற்று. அப்பா முள்ளையே வெகு நேரம் பார்த்தார்.

"நேந்தது தீந்துச்சு. இனி உன்னக் கோயிலுக்கு வான்னு கூப்புட மாட்டேன்."

அடுத்த ஞாயிறு என்னைக் கூப்பிடாமலே மூவரும் பூசைக்குப் போய்விட்டார்கள். பாயில் கொஞ்ச நேரம் கிடந்தேன். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு நானாகவே நடந்தேன். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியதை வாய் திறக்காமல் சொன்னேன். முன்னால் இருந்த அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

இன்றும் எனக்கு அந்தப் பெஞ்சுதான். பூசை முடிந்து வந்து இதை எழுதினேன்.

ஞாயிறு, 16 ஆகஸ்டு 2009