இரகசிய வருகையும் வாடகை வீட்டுச் சாவியும்

ஆண்டவர் வரும்போது எங்கள் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. என் மகளால் வந்த கேள்வி இது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

நாங்கள் அண்ணாமலை நகரில் வாடகைக்கு இருக்கிறோம். ஞாயிறுதோறும் கடலூருக்கு, என் கணவர் வளர்ந்த சபைக்குப் போய்விடுவோம். ஆராதனை முடிந்ததும் அவர் அங்கே தீர்க்கதரிசன வகுப்பு எடுப்பார். வேதத்தில் தானியேல் தீர்க்கதரிசி சொல்லும் எழுபது வாரங்களில், அவர் கணக்குப்படி, ஒரு நாள் என்பது ஒரு வருடம். அறுபத்தொன்பதாவது வாரத்தோடு கடிகாரம் நின்றுவிட்டது. இப்போது நாம் இருப்பது இடைவெளியில். ஒருநாள் விசுவாசிகள் இரகசியமாக வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். உடனே கடைசி வாரம், பூமியில் ஏழு வருட உபத்திரவம். அதன்பின் ஆண்டவரோடு திரும்பி வந்து ஆயிர வருட அரசாட்சி. இத்தனை நூற்றாண்டு இடைவெளியை நிதானமாக விளக்கும் இந்த மனிதர், கடலூர் பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் டைம் கீப்பரிடம் சண்டைக்குப் போவார்.

நான் வளர்ந்த சபையில் இதையெல்லாம் இவ்வளவு விரிவாகப் பேசமாட்டார்கள். அதனால் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பேன். பஸ்ஸில் திரும்பும்போது சந்தேகம் வரும்.

வகுப்புக்காக அவர் ஒரு காலப் படம் வரைந்து ஃப்ளெக்ஸ் அடித்தார். கடைக்காரர் பழக்கதோஷத்தில் அடியில், உபத்திரவத்துக்கு நேர் கீழே, 'அனைவரும் வருக' என்று சேர்த்துவிட்டார். கணவர் அதன்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினார்.

ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு, மேகத்தை நோக்கிப் போகும் மஞ்சள் அம்பு பிடித்துவிட்டது.

"இதுல நாம இருக்கமாப்பா?"

"இருக்கோம்டா."

"எப்ப போவோம்?"

"திடீர்னு. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள."

"பை எடுத்துக்கலாமா?"

"ஒண்ணும் வாணாம்."

ஊருக்குக் கிளம்பினால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுப்பது எங்கள் வழக்கம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பார். கொடுக்க மறந்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்தாவது திரும்பி வந்து கொடுத்துவிட்டுத்தான் போவேன். இவள் என் மகள் அல்லவா? திடீரென்று போனால் சாவி கொடுக்க ஏது நேரம் என்று, ஆணியில் தொங்கிய இன்னொரு சாவியை அக்காவின் மகளிடம், தன் வகுப்புத் தோழியிடம், முன்கூட்டியே கொடுத்துவிட்டாள். "நாங்க திடீர்னு போயிடுவோம். சாமானெல்லாம் இங்கதான் இருக்கும். ஏழு வருஷம் கழிச்சுத்தான் வருவோம்."

அக்கா வீட்டார் இந்துக்கள். இரகசிய வருகையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? என் கணவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, கண் பட்டுவிடும் என்று மறைக்கிறோம் என்று முடிவுகட்டிவிட்டார். வீட்டு ஓனரிடமும் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஓனர் வந்தார். பின்னால் அக்காவும், வீடு தேடிக்கொண்டிருந்த அவருடைய குறிஞ்சிப்பாடித் தங்கையும். தங்கை நேராக எங்கள் படுக்கையறைக்குள் போய், "பீரோவ இந்தப் பக்கம் போட்டுக்கலாம்" என்றார். நான் இட்லித் தட்டோடு நின்றேன்.

"என்ன சார், துபாயா, சிங்கப்பூரா?" என்றார் ஓனர். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

கணவர் விழித்தார். மகள்தான் உதவிக்கு வந்தாள். "துபாய் இல்ல அங்கிள். மேல." மஞ்சள் அம்பைக் காட்டினாள்.

அதன்பின் கணவருக்கு வேறு வழியில்லை. ஆதியிலிருந்து விளக்கினார். ஓனர் கைகட்டிப் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். எப்ப போறீங்க? முன்னாடியே சொல்றதாத்தான நம்ம பேச்சு?"

"அந்த நாள் யாருக்கும் தெரியாது சார். வேதமே அப்படித்தான் சொல்லுது."

"தெரியாதுன்னா அப்புறம் எதுக்கு சார் இம்மாம் பெரிய படம்?"

என் கணவர் தான் வரைந்த படத்தையே திரும்பிப் பார்த்தார். சிரிப்பை மறைக்கக் காபி போடப் போனேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

"துபாய்னு நெனச்சு உம்மேல எவ்ளோ கோவமா இருந்தேன் தெரியுமா? சரி, அப்படியே மேல தூக்கிட்டா கேஸ யாரு மூடுவா?"

அவர் சிரித்தார். நான் அதை அதுவரை யோசித்ததே இல்லை. ஆண்டவர் வரும்போது எக்காளம் முழங்கும் என்பது வேதம். இப்போதெல்லாம் பருப்பு வேகும்போது எங்கேயாவது பாண்டு வாத்தியம் கேட்டால் என் கை ரெகுலேட்டருக்குப் போகிறது.

எல்லோரும் காபி குடிக்கும்போது மகள் கேட்டாள். தோழி பக்கத்திலேயே நின்றாள், கையில் சாவியோடு.

"அப்பா, இவளும் நம்மகூட வருவா இல்ல?"

"அது வந்துடா... யாரு விசுவாசிக்கிறாங்களோ, அவுங்க..." எதிரே அக்கா டம்ளரோடு நின்றிருந்தார். கணவர் ஆறிப்போன காபியை ஊத ஆரம்பித்தார்.

மகள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் வரல. நீங்க போயிட்டு வாங்க. நாங்க ரெண்டு பேரும் இங்கியே இருக்கோம்."

"இருடி தங்கம், ஏழு வருஷந்தான? சோறு நான் போடறேன்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம், மகளைத் தவிர.

அவள் சொன்னது நிஜம். குடும்ப ஜெபத்தில் 'ஆண்டவரே, சீக்கிரம் வாரும்' என்று சொல்லும் இடத்தில் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். ஆண்டவர் வராமல் இருந்தால் நல்லது என்று என் பிள்ளை நினைக்கிறாள். அதுதான் எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது. தோழியும் வருவாள் என்றால் கணவரின் வகுப்புக்கு விரோதமாகப் பேசியவள் ஆவேன். வரமாட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படித்தான் என்று எனக்கே நிச்சயமும் இல்லை.

கணவர் படத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். போன வாரம் மழை வந்தபோது நான்தான் அதை எடுத்து ஸ்கூட்டர்மேல் போட்டேன். ஒட்டியிருந்த காகிதம் நனைந்து உரிந்துவிட்டது. மகள் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அம்மா! அனைவரும் வருகன்னு போட்டிருக்கு. அப்ப அவளும் வரலாமா?"

அது கடைக்காரர் செய்த தவறு என்று சொல்வதா, ஆமாம் என்று சொல்லிவிடுவதா? படித்துப் பார்த்துவிட்டு அவள் இன்னும் காத்திருக்கிறாள். சாவி இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. பிள்ளை வளர்த்தவர்கள், ஞாயிறு பள்ளி நடத்தியவர்கள் யாராவது இதைப் படித்தால், அவளுக்கு நான் என்ன சொல்லட்டும் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.