சரோஜினிதேவி டீச்சரின் குடிதண்ணீர்ப் போத்தல்

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் என்றால் சரோஜினிதேவி டீச்சர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், கலியாணம் முடித்து இங்கேயே தங்கிவிட்டார். ஆய்வுகூடச் சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். காய்ச்சி வடித்த நீரைக் கடையில் வாங்க விடமாட்டார். தானே அடுப்பை மூட்டி, சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தபடி பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்.

அக்குறணையிலிருந்து றம்லத் புது விஞ்ஞான டீச்சராக வந்த நாள்முதல் அவருக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்த பெண்! இடைவேளையிலும் பிள்ளைகள் அவள் பின்னாலேயே ஓடின. போதாததற்கு, கல்விக் கந்தோர் அதிகாரி பார்க்க வரும் பாடத்தையும் அதிபர் அவளிடமே கொடுத்துவிட்டார். அதை நன்றாகச் செய்தால் விஞ்ஞானப் பகுதித் தலைவர் பதவியும் அவளுக்குத்தான். சரோஜினிதேவிக்குச் சோறு இறங்கவில்லை.

பாடம் தூய பதார்த்தமும் கலவையும். கண்ணாடித் தட்டில் ஒரு துளியைச் சூடாக்கினால் தூய நீர் தடமில்லாமல் வற்றும்; உப்புகள் கரைந்த கிணற்றுத் தண்ணீர் வெள்ளை வளையம் விடும். அன்று காலை சரோஜினிதேவி ஆய்வுகூடப் போத்தலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினார். அதில் முன்பிருந்த வடித்த நீரைக் கொட்டிவிட வேண்டியதுதானே? கை வரவில்லை. பாடுபட்டு வடித்ததாயிற்றே! தன் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வகுப்பில் அதிகாரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். றம்லத் ஆய்வுகூடப் போத்தலிலிருந்து ஒரு துளியை ஒரு தட்டில் விட்டாள். பிறகு சரோஜினிதேவி பக்கம் திரும்பினாள்.

“கலவைக்கு நாங்க குடிக்கிற தண்ணியே போதும். டீச்சர், ஒங்கட போத்தல்ல ஒரு துளி தாங்களே.”

சரோஜினிதேவி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இது... கொதிச்சு ஆறின தண்ணி.”

“அதுக்கென்ன டீச்சர்? ஆறினாலும் உப்பு எங்க போகும்?”

அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜினிதேவி மறுக்க வழியில்லாமல் போத்தலைக் கொடுத்தார். றம்லத் அதில் ஒரு துளியை மற்றத் தட்டில் விட்டாள்.

தட்டுகள் சூடேறின. ஆய்வுகூட நீர் பளிச்சென்று வெள்ளை வளையம் விட்டது. குடிதண்ணீர் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

“என்னா டீச்சர், தலைகீழா வருது!” என்று முன்வரிசைப் பிள்ளையொருத்தி கத்தினாள்.

றம்லத் தட்டைப் பார்த்தாள், சரோஜினிதேவியைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. சரோஜினிதேவிக்கும் அது தெரிந்தது. இத்தனை காலம் கட்டிக் காத்த மானம் கப்பலேறப் போகிறது.

“என்ட பிழை, சேர்,” என்றாள் றம்லத் அதிகாரியிடம். “காலைல அவசரத்துல ரெண்டு போத்தல் தண்ணியையும் நான்தான் மாத்தி ஊத்திட்டேன்.” பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். “போத்தல்ல எழுதியிருக்கிறத நம்பாம சோதிச்சதாலதானே பிழை வெளியாச்சு?”

அதிகாரியின் முகம் மலர்ந்தது. சரோஜினிதேவியின் பக்கம் சாய்ந்தார். “பிழையை ஒத்துக்கொள்ளவும் ஒரு மனசு வேணும். இவங்க உங்க பகுதிக்குத் தலைவரா வந்தா நல்லதுதானே, டீச்சர்?”

“ஓம்,” என்றார் சரோஜினிதேவி.

கையெடுத்துக் கும்பிட வேண்டியவளைப் பார்க்கப் பார்க்க வயிறு முன்னிலும் மோசமாக எரிந்தது. கள்ளவேலை செய்தது இவர். அதற்கும் நல்ல பெயரை அவளே தட்டிக்கொண்டு போய்விட்டாளே!